நண்டு வலையில் ஒட்டி வரும் வெள்ளை முட்டைகள்: எந்தக் கணவாய்?

தொண்டிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது நாட்டுப்படகு, நண்டு வலைதான் தொழில். தை பிறந்ததிலிருந்து வலையின் அடிக்கயிற்றில் வெள்ளையாக, வழவழவென்று, விரல் நீளத்துக்கு முட்டைப் பைகள் கொத்துக் கொத்தாக ஒட்டி வருகின்றன. ஒரு பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே நாலைந்து உருண்டைகள் வரிசையாக இருக்கின்றன. சிலவற்றில் கறுப்பாக இரண்டு கண்கூடத் தெரிகிறது. கணவாய் முட்டை என்பது தெரியும். எந்தக் கணவாய்? இதைப் பிய்த்துத் திரும்பக் கடலில் போட்டால் பிழைக்குமா? கூட வரும் பையன்கள் கரைக்கு வந்து வலை தட்டும்போது மணலில் உதறிவிட்டுப் போகிறார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

மன்னார்_அலை

தொண்டிக்கரை அண்ணா, நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்தே சொல்லிவிடலாம். அறிவியல் பெயர் செபியோதியூத்திஸ் லெசோனியானா. உடம்பின் இரு பக்கமும் மேலிருந்து கீழ்வரை அகலமான துடுப்பு ஓடும் கணவாய். தூரத்தில் பார்த்தால் ஓட்டுக் கணவாய் என்றுதான் நினைப்போம். அறுத்தால் உள்ளே வெள்ளை ஓடு இருக்காது, கண்ணாடித்தாள் போல ஒரு மெல்லிய தகடு மட்டும் வரும். ஆகவே இது ஊசிக் கணவாய்ச் சாதிதான்.

முட்டையில் குழப்பமே வராது. ஓட்டுக் கணவாய் ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியாக ஒட்டும். விசைப்படகில் அதிகம் விழும் சாதாரண ஊசிக் கணவாயின் பையில் பொடிப்பொடியாக ஏராளமான முட்டைகள் இருக்கும். பெரிய முட்டையாக, ஒரு பைக்கு இரண்டு முதல் ஒன்பது வரை, ஒற்றை வரிசையில் இருந்தால் அது இந்த லெசோனியானாதான். முட்டை சுமார் 3 மில்லிமீட்டர். இட்ட புதிதில் பை 6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாளாக ஆகத் தண்ணீரை உறிஞ்சி 8 சென்டிமீட்டர் வரை உப்பும். கண் தெரிகிறது என்றால் பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தக் கணவாய்க்கும் உங்கள் கடலுக்கும் பழைய உறவு. 1954-ல் கே. வீரபத்ர ராவ் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அப்போது இதற்கு வேறு அறிவியல் பெயர், ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘பாக் விரிகுடாக் கணவாய்’ என்றுதான் இருக்கும். தென்னிந்தியக் கரையில் இது முட்டையிடும் காலம் ஜனவரி முதல் ஜூன் வரை. நீங்கள் தை என்று சொன்னது அப்படியே பொருந்துகிறது.

பாம்பன்_வள்ளம்

தம்பி, எங்கள் பக்கம் இது தாழைக்குள்தான், அதாவது கடலடிப் புல்லுக்குள்தான் கிடக்கும். தண்ணீர் தெளிந்திருக்கும் நாளில் வள்ளத்திலிருந்து குனிந்தால் நன்றாகத் தெரியும். ஜோடியாக நிற்கும். ஆணா பெண்ணா என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆணுக்கு முதுகில் குறுக்காக வெள்ளைக் கோடுகள், அறுத்து அறுத்துப் போட்டிருக்கும். பெண்ணுக்கு வெறும் புள்ளி. செத்து ஐஸில் கிடந்தால் இதெல்லாம் மங்கிவிடும், உயிரோடு பார்க்க வேண்டும்.

முட்டை விஷயம். வலையில் வந்ததைப் பிய்க்கக் கூடாது. பிய்த்தால் அடிக்காம்பு கிழிந்து போகும், அப்புறம் அது தரையில் உருண்டு சேற்றில் புதையும். கயிற்றோடு வெட்டிப் போடு. சொல்வது சுலபம், யார் கயிற்றை வெட்டுவார்கள் என்று நீ கேட்பாய்.

சும்மா_ஒரு_சந்தேகம்

முட்டையிட்டுவிட்டுத் தாய் போய்விடுமா? பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) முட்டையைக் கட்டிக் காத்துப் பட்டினி கிடந்தே சாகும் என்று படித்திருக்கிறேன். இது ஏன் அப்படி இல்லை?

மன்னார்_அலை

போய்விடும். காவல் எல்லாம் முட்டை இடும் வரைக்கும்தான், அதுவும் ஆணுடைய காவல். முட்டைக்குக் காவல் இல்லை, பெண்ணுக்குக் காவல்.

நடப்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆணின் எட்டுக் கைகளில் இடப்பக்கக் கீழ்க்கை ஒன்று நுனியில் மாறியிருக்கும். விந்து நிறைந்த சின்னச் சின்னக் குழல்களை அதால் எடுத்துப் பெண்ணிடம் சேர்க்கும். எங்கே சேர்க்கிறது என்பதில்தான் விளையாட்டு. பெரிய ஆண் பெண்ணுக்குப் பக்கத்தில் இணையாக நீந்தி, கையை உடற்கூட்டுக்குள் விட்டு, முட்டைக் குழாயின் வாயருகே வைக்கும். சில நேரம் தலைகீழாகப் புரண்டு மேலே வந்து ஒரே பாய்ச்சலில் வேலையை முடிக்கும். மூன்றாவது வகை முகத்துக்கு முகம். அப்போது விந்து பெண்ணின் வாயைச் சுற்றியுள்ள தோலில் ஒட்டும். அங்கே சேமித்து வைக்க ஒரு சின்னப் பை இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த மூன்றையும் தொட்டியில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதற்குள் சின்ன ஆண்கள் சும்மா இருக்காது. பெரியவன் இன்னொருவனை விரட்டப் போகும் நேரம் பார்த்து நுழைந்து, காரியத்தை முடித்து ஓடிவிடும். பெண் முட்டைப் பையைத் தண்ணீர் பீய்ச்சும் குழல் வழியாக வெளியே எடுத்துக் கைகளுக்கு நடுவே பிடித்துக்கொள்ளும்போது, வாயருகே சேமித்த விந்துவும் பங்குக்கு வரும். ஆகவே ஒரே கொத்து முட்டைக்குப் பல அப்பன்கள் இருக்கலாம்.

பிறகு பெண் தாழையின் தண்டையோ கிளையையோ உங்கள் வலைக் கயிற்றையோ கையால் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். ஒரு தடவை போய் வெறுமனே திரும்பும், மறுபடி போகும். பிடித்த பிறகுதான் ஒட்டும். ஏற்கெனவே ஒரு கொத்து இருந்தால் அதன் பக்கத்திலேயே வந்து சேர்க்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடாது, சில நாட்கள் விட்டு விட்டு இடும். கடைசித் தவணை முடிந்தபின் அதிக நாள் இருக்காது.

காவலுக்குப் பதிலாக அது கொடுத்துவிட்டுப் போவது அந்த வழவழப்பைத்தான். பையின் கூழில் சில பாக்டீரியாக்களும் சேர்ந்தே வருகின்றன. பெண்ணின் உடலில் அவற்றை வளர்ப்பதற்கென்றே ஒரு சுரப்பி உண்டு. முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் அவை பார்த்துக்கொள்கின்றன.

தூண்டில்_பிரியன்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். நான் கரையிலிருந்து இறால் வடிவப் போலித்தூண்டிலில் கணவாய் பிடிப்பவன். பொழுதுபோக்குதான். நேற்று இரவு பாறைக்கருகில் தூண்டிலுக்குப் பின்னாலேயே ஒன்று வந்தது. முதலில் கண்ணாடியாக இருந்தது, எதிரே வந்ததும் பழுப்புப் பட்டை, விளக்கை அடித்ததும் வெளிறிப்போனது. அதற்கு நிறம் தெரியுமா? தூண்டில் கடைக்காரர் இளஞ்சிவப்பு வாங்கு, ஆரஞ்சு வாங்கு என்று தினம் ஒன்றைத் தலையில் கட்டுகிறார்.

மன்னார்_அலை

தெரியாது. கணவாய்களின் கண்ணில் ஒரே வகை ஒளி உணர் நிறமிதான். நாம் பார்ப்பது போல வண்ணம் பிரித்துப் பார்க்க அவற்றால் முடியாது என்பதே பொதுவான முடிவு. வெளிச்சம், இருட்டு, நிழல் விளிம்பு, அசைவு, இவற்றில் கெட்டி. இன்னொன்றும் உண்டு, ஒளி அதிரும் திசையைக்கூட அவை உணரும். நமக்குக் கண்ணாடியாகத் தெரியும் இறால் குஞ்சு அதனால்தான் அவற்றின் கண்ணிலிருந்து தப்புவதில்லை.

தோல் மாறும் வேகத்துக்குக் காரணம் நரம்பு. ஒவ்வொரு நிறப் புள்ளியையும் சுற்றிச் சின்னத் தசைகள் இருக்கும். மூளை இழு என்றால் புள்ளி விரியும், விடு என்றால் சுருங்கும். ஓணான் நிறம் மாற நேரம் பிடிக்கும், இதற்கு இமைக்கும் பொழுதே அதிகம். கடைக்காரரிடம் கறுப்பும் வெள்ளையும் தெளிவாகத் தெரிகிற தூண்டிலாகக் கேளுங்கள்.

சும்மா_ஒரு_சந்தேகம்

ஆயுள் ஒரு வருடம்தான் என்று எங்கோ பார்த்தேன். நம்ப முடியவில்லை. ஒன்றரைக் கிலோ கணவாயை ஏலக்கூடத்தில் நானே பார்த்திருக்கிறேன். ஒரு வருடத்தில் அந்த எடை எப்படி வரும்? ஆராய்ச்சிக்காரர்கள் கடலில் பின்னாலேயே போய்ப் பார்த்தார்களா?

மன்னார்_அலை

நியாயமான கேள்வி. பின்னால் போக வேண்டாம், தலையிலேயே நாட்குறிப்பு இருக்கிறது. கணவாயின் தலைக்குள், சமநிலை உணரும் உறுப்பில், கடுகைவிடச் சிறிய சுண்ணாம்புக் கல் இரண்டு இருக்கும். அதில் ஒவ்வொரு நாளும் ஒரு வளையம் கூடும். எடுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்து எண்ணினால் வயது நாள் கணக்கில் கிடைக்கும். மரத்துக்கு வருடம், இதற்கு நாள்.

அந்த வளையம் நாளுக்கு ஒன்றுதானா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதையும் சரிபார்த்துவிட்டார்கள். பிறந்த நாள் தெரிந்த, தொட்டியில் வளர்ந்த லெசோனியானாவை வைத்து 1993-ல் கணக்கு ஒத்துப்போனதைக் காட்டினார்கள். அமெரிக்காவில் டெக்சாஸின் கால்வெஸ்டனில் இதைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள், ஏழு தலைமுறை வரை. நரம்பு ஆராய்ச்சிக்காக. கணவாயின் நரம்பிழை கண்ணுக்கே தெரியும் அளவுக்குத் தடிமன். நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கண்டுபிடித்ததும் (1963 நோபல்) வேறொரு கணவாயின் நரம்பில்தான்.

வளர்ப்பில் ஆயுள் 161 முதல் 315 நாள் வரை. எடை நாலு மாதத்தில் 600 கிராம். கடலில் உள்ள பெரிய முதுகெலும்பில்லாத பிராணிகளில் இந்த வேகம் அபூர்வம். உச்சமாக 1.8 கிலோ வரை பதிவு இருக்கிறது, உடல் நீளம் 40 சென்டிமீட்டரைத் தாண்டும். ஆகவே நீங்கள் பார்த்த ஒன்றரைக் கிலோவும் போன வருடம் இந்த நேரம் முட்டையாகக்கூட இருந்திருக்காது.

பாம்பன்_வள்ளம்

இது சரிதான். கணவாய்க்குக் கிழவன் கிடையாது என்று எங்கள் அப்பா சொல்வார். ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் தேடினாலும் கிடைக்காது. மீனென்றால் போன வருட மீன் கொஞ்சம் மிச்சமிருக்கும். இதில் மிச்சம் என்று ஒன்று இல்லை, முட்டை கெட்டால் அந்த வருடம் கெட்டது.

கிச்சன்_கில்லாடி

நடுவில் ஒரு கேள்வி, திட்டாதீர்கள். இந்த அகலத் துடுப்புக் கணவாய் சமைத்தால் ரப்பராகிறதே, ஏன்?

பாம்பன்_வள்ளம்

அதிகம் வேக வைக்கிறாய். அடி கனமான சட்டியில் சுள்ளென்று சூடேற்றி இரண்டு நிமிடம், அவ்வளவுதான். அதைத் தாண்டிவிட்டால் முக்கால் மணி நேரம் மெதுவாகக் கிடக்கட்டும், திரும்ப இளகும். நடுவில் இறக்கினால் நாய்கூடத் தின்னாது. சரி, முட்டைக்கு வாருங்கள்.

தொண்டிக்கரை

மன்னார்_அலை அக்கா, விவரமாகச் சொன்னதற்கு நன்றி. என் கேள்வி இன்னும் பாக்கி. நேற்று ஒரு கொத்தைக் கயிறோடு வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரவில் பார்த்தால் பத்துப் பதினைந்து குஞ்சு வெளியே நீந்துகிறது. அரிசி நீளம்தான், ஆனால் முழுக் கணவாய். கையை நீட்டினால் மை துப்புகிறது! ஆனால் பாதிக்கு வாய்ப்பக்கம் வெள்ளையாக ஒரு உருண்டை தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அவையெல்லாம் செத்துக் கிடந்தன. உருண்டை இல்லாதவை மட்டும் உயிரோடு இருந்தன, அவற்றைக் கொண்டுபோய் விட்டுவிட்டேன். அந்த உருண்டை என்ன?

மன்னார்_அலை

அது கருவுணவுப் பை. உள்ளே இருக்கும்போது சாப்பிட்டு முடிக்க வேண்டிய சாப்பாடு. முடிவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டன, அதாவது குறைமாதம். முட்டை முற்றும் தறுவாயில் குலுங்கினாலோ, திடீரென்று சூடு கூடினாலோ, வெளிச்சம் பட்டாலோ அவசரப்பட்டு வெளியே வந்துவிடும். உடலின் பின் நுனியில் ஒரு சுரப்பி இருக்கிறது. அது பை உறையைக் கரைத்து ஓட்டை போட, குஞ்சு பின்பக்கமாக நழுவி வெளியேறும். வாளி படகில் ஆடியதே அதற்குப் போதும்.

உருண்டை இல்லாமல் வந்தவைதான் சரியான காலத்தில் வந்தவை. உடல் 5, 6 மில்லிமீட்டர் இருக்கும். மீன் குஞ்சு போல உருமாறும் பருவமெல்லாம் கிடையாது. துடுப்பு, மைப்பை, நிறப் புள்ளி எல்லாம் முதல் நாளே தயார். உள்ளே மிச்சமிருக்கும் கருவுணவில் ஓரிரு நாள் ஓடும், அதற்குள் வேட்டை பழகியாக வேண்டும். உயிரோடு துள்ளுகிற பொடி இறால்தான் வேண்டும், செத்த தீனியைத் திரும்பிப் பார்க்காது. பசித்தால் பக்கத்தில் இருக்கும் தம்பியையே பிடித்துத் தின்னும். வாளியில் வளர்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பெரிய தொட்டியிலேயே சுவரில் மோதித் தோல் கிழிந்து செத்துப்போகும், அதைத் தடுக்கத்தான் கால்வெஸ்டனில் அவ்வளவு பாடுபட்டார்கள்.

நம் கடலின் சூட்டில் முட்டை இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்குள் பொரிந்துவிடும். இந்தோனேசியாவில் 15, 16 நாள், தாய்லாந்தில் 20 நாளுக்கு மேல் என்று பதிவுகள் உள்ளன. ஆகவே அவை கடலிலேயே அந்த நாட்களைக் கழிக்க வழி பண்ணுவதே நல்லது.

ஒசாகா_தமிழன்

இங்கே ஒன்று சொல்லலாம். ஜப்பானில் இதே கணவாய்க்கு நல்ல கிராக்கி. கரையோர மீனவர்களும் தூண்டில்காரர்களும் சேர்ந்து வசந்த காலத்தில் மரக்கிளைகளை வெட்டிக் கட்டாகக் கட்டி, கல் கட்டிக் கடலடியில் இறக்குகிறார்கள். கணவாய் வந்து கிளையில் முட்டை வைக்கும். கடற்பாசி அழிந்த இடங்களில் இது நன்றாக வேலை செய்கிறது. முக்குளிப்பவர்கள் எடுத்த படங்களில் கிளை தெரியாத அளவுக்கு வெள்ளையாகத் தொங்கும். தூண்டில்_பிரியன் வைத்திருக்கும் இறால் தூண்டிலும் இங்கே ககோஷிமா பக்கத்து மரத் தூண்டிலின் வம்சம்தான்.

இன்னொரு சங்கதி. இங்கே ஓக்கினாவா மீனவர்கள் இந்தக் கணவாயை மூன்றாகப் பிரித்து மூன்று பெயரில் சொல்வார்கள். ஒன்று சின்னது, பைக்கு இரண்டு முட்டைதான் வைக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் மரபணு பார்த்துவிட்டு, மூன்றும் தனித்தனி இனம்தான் என்று பிறகு ஒத்துக்கொண்டார்கள். செங்கடலிலிருந்து ஹவாய் வரை ஒரே பெயரில் திரிவது உண்மையில் ஒரே பிராணி இல்லை.

தூண்டில்_பிரியன்

தாய்லாந்தில் இதற்கு நேர் எதிர். கூண்டுக்குள் கணவாய் முட்டைக் கொத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பார்த்து முட்டையிட வரும் கணவாயையே பிடிக்கிறார்கள். அசல் முட்டை இல்லையென்றால் வெள்ளைப் பிளாஸ்டிக்.

ஒசாகா_தமிழன்

ஆமாம், ஆனால் அங்கேயே சில ஊர்களில் கூண்டில் ஒட்டிய முட்டையைச் சுரண்டி எறியாமல் சேர்த்து, காற்றுக் குழாய் வைத்த தொட்டியில் பொரிக்க வைத்துக் கடலில் விடுகிறார்கள். பாதகத்தையும் பரிகாரத்தையும் ஒரே கை செய்கிறது.

சும்மா_ஒரு_சந்தேகம்

நமக்குத்தான் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது போதாதா?

மன்னார்_அலை

இந்தக் கணவாய்க்குப் பாதிதான் உதவும். முட்டைக் காலம் ஜனவரியில் தொடங்குகிறது, தடை ஏப்ரல் நடுவில். அதற்குள் மூன்றரை மாதம் முட்டை தாழைக்குள் கிடக்கிறது, அந்தத் தாழையை மடிவலை வாரிக்கொண்டு போகிறது. என்னைக் கேட்டால் முட்டையைவிட முட்டை ஒட்டும் இடம் போவதுதான் பெரிய இழப்பு. ஒட்ட இடமில்லாததால்தான் உங்கள் நண்டு வலைக் கயிற்றையும் கூண்டுக் கம்பியையும் தேடி வருகிறது. தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் வலையில் வரும் முட்டைக்கு எந்த ஆணையும் வராது, நீங்களாகப் பார்த்தால்தான்.

பாம்பன்_வள்ளம்

மடிவலை வாரிய இடத்தில் தாழை திரும்ப வளர எத்தனை வருடம் ஆகும் என்று அவர்களிடம் கேளுங்கள். இந்த இழையில் வேண்டாம், அப்புறம் சண்டைதான் மிஞ்சும்.

தொண்டிக்கரை

கிளை யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் ஊரில் உடை மரம் வேண்டிய மட்டும் கிடைக்கும். முள்ளைக் கழித்துக் கட்டிப் போடலாமா? வலையில் வரும் கொத்துகளை அதிலேயே கட்டிவிடலாமா?

மன்னார்_அலை

கட்டலாம். சில விஷயங்களை மட்டும் பாருங்கள். கொத்தை வெயிலில் வைக்காதீர்கள், வலை தட்டும்வரை ஈரச் சாக்கில் மூடி, முடிந்தால் ஓரமாகக் கடல் தண்ணீரில். காலையில் எடுத்ததை அன்றே இறக்கிவிடுங்கள். கண் தெரிகிற முட்டையை அதிகம் அசைக்காதீர்கள், வெள்ளையாக ஒன்றுமே தெரியாத புது முட்டை கொஞ்சம் தாங்கும். தரையில் படாமல் அரை ஆள் உயரத்தில் தொங்க வேண்டும், நீரோட்டம் பட வேண்டும். கொத்தின் நடுவில் இருக்கும் முட்டைக்குக் காற்று போதாமல்தான் முதலில் கெடும். மழைத்தண்ணீர் வந்து சேரும் வாய்க்கால் முகத்தில் போடாதீர்கள், உப்பு குறைந்தால் அத்தனையும் போய்விடும். நைலான் கயிறு வேண்டாம், சணல் அல்லது தென்னங்கயிறு. முட்டை பொரிந்து முடிந்தபின் அது தானாக மக்கட்டும்.

பாம்பன்_வள்ளம்

உடை மரம் ஒரு பருவம் தாங்கும், போதும். கல்லை இரண்டாகக் கட்டு, கொண்டல் அடித்தால் ஒரு கல் நிற்காது. மேலே மிதவை போட்டு அடையாளம் வை. முக்கியமானது, எந்த இடத்தில் போடுகிறாய் என்று பக்கத்தில் வலை விடுகிற எல்லாரிடமும் முதலில் சொல்லிவிடு. சொல்லாமல் போட்டு யாராவது வலை கிழிந்ததோ, கணவாய் முட்டைக்குப் பதில் உன் தலைதான் கடலடியில் கிடக்கும்.

தொண்டிக்கரை

சொல்லிவிட்டுத்தான் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் இருக்கிறது.